அண்ணனின் கல்லீரல்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே ஆளைத் தெரியாது. கீழ்த்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஜன்னலே இல்லாத நடைபாதையின் கடைசியில் பயாப்ஸி லேப். அங்கே இருபத்தைந்து வருடமாக அவருக்கு ஒரே வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்து அனுப்பும் சதைத் துணுக்கைப் பக்குவப்படுத்தி, உருகிய மெழுகில் பதித்து, அது கட்டியானதும் மெஷினில் வைத்துச் சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலும் தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டரின் மேஜைக்கு அனுப்புவார்.

நான் பக்கத்து அறையில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவன். நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. பதினோரு வருடமாக அந்தத் தடுப்பின் வழியாகத்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். "ஒரு தும்மல் போட்டா ஒரு மனுஷனோட ரிப்போர்ட்டே பறந்துடும்" என்பார். எனக்குத் தும்மல் வந்தால் நான் எழுந்து நடைபாதைக்கு ஓடிவிடுவேன்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "வெட்டுறது என் வேலை, படிக்கிறது டாக்டர் வேலை." சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தகட்டையும் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார். இருபத்தைந்து வருடம் அப்படிப் பார்த்த கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். வார்டு ஊழியர்கள் வந்து, "அக்கா, எங்க சித்தப்பா ரிப்போர்ட், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சுவார்கள். "கலர் நல்லா வந்திருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

மெழுகக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "லீவு கிடைக்கலை" என்பார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் அவர் வீடு. மூன்றாவது மாடியில் அவருடைய அண்ணன், அண்ணி. மேலே நாற்காலி நகர்த்தும் சத்தத்தை வைத்தே அண்ணன் வேலையிலிருந்து வந்துவிட்டாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. ஊரில் உயரமான கட்டடங்களில் பாதி அவர் கைபட்டவை. லிஃப்ட் நின்றுபோனால் மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படி ஏறித்தானே போக வேண்டும்? அப்படி ஏறுவதுதான் அவருக்கு முதலில் முடியாமல் போயிற்று. நாலு மாடிக்கு ஒரு முறை உட்கார்ந்தவர், பிறகு இரண்டு மாடிக்கு ஒரு முறை உட்கார ஆரம்பித்தார். அதன்பின் கால் வீங்கியது. வயிறு முன்னால் தள்ளியது. கையும் தோளும் மட்டும் இளைத்துக்கொண்டே போயின. கூட வேலை பார்க்கிறவர்கள், "என்னண்ணே, எத்தனை மாசம்?" என்று கிண்டல் செய்தார்கள். அவரும், "இரட்டைக் குழந்தைடா" என்று சொல்லிச் சிரித்தார். பெல்ட்டில் ஓட்டை போட இடம் இல்லாமல் போனபோதுதான் டாக்டரிடம் போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது என்று வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியின் கல்லீரல் டாக்டர் படத்தைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிற பழக்கம் இல்ல சார்."

"இங்க வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. மறைச்சா வைத்தியம் பண்ண முடியாது."

பக்கத்து நாற்காலியில் அண்ணி. அவர் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையைத் தான் பார்த்ததில்லை என்று அண்ணன் பின்னால் என்னிடமே சொன்னார்.

அந்த ஒரு கேள்வி வீட்டுக்குள் போய்க் குடியேறிவிட்டது. மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. அண்ணிக்கு அது இன்னும் மோசமான செய்தி. கிருமி இல்லையென்றால் வேறு என்ன? அண்ணன் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்தார். சட்டையை முகர்ந்து பார்த்தார். உடன் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஃபோன் போட்டு, "வேலை முடிஞ்சு எங்க போறாரு?" என்று விசாரித்தார். அந்த ஆள் அதை நாலு பேரிடம் சொன்னான். மறுவாரம் அண்ணன் வேலை செய்யும் இடமெல்லாம் செய்தி பரவிவிட்டது. அமைதியான ஆள்தான், உள்ளுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அண்ணி கீழே இறங்கி வந்து மெழுகக்காவின் சமையலறையில் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பாரு. சொல்லு. நான் சண்டை போட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும்."

"அண்ணி, அவன் குடிச்சு நான் பாத்ததே இல்ல."

"நானும்தான் பாத்ததில்ல. அதான் பயமா இருக்கு."

மெழுகக்கா எனக்குச் சொன்ன விஷயங்களில் இதைத்தான் மிகவும் தயங்கிச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குளிக்கப் போன நேரத்தில், மேலே போய் அவருடைய டூல் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். ஸ்பானர்கள், கிரீஸ் டப்பா, எண்ணெய்த் துணி. அடியில் ஒரு பழைய ஷூ. வீங்கிய கால் நுழையவேண்டும் என்பதற்காக அதன் மேல்தோலை பிளேடால் கிழித்து, நடுவில் ரப்பர் துண்டு வைத்துத் தைத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் அவர் மறைத்து வைத்திருந்தது அதைத்தான். மெழுகக்கா பையை மூடிவிட்டுக் கீழே வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார்.

கடைசியில் கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. வயிற்றில் நீர் இருந்ததால் நேராக ஊசி குத்தினால் ரத்தப்போக்கு ஆகலாம். அதனால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு எடுத்தார்கள். மறுநாள் காலை அது சின்ன பாட்டிலில் எங்கள் லேபுக்கு வந்தது. மருந்துநீரில் மிதக்கும் நூல் துண்டு மாதிரி மூன்று இழைகள். பாட்டிலில் அண்ணனின் பெயர்.

சொந்தக்காரர்களின் மாதிரியை நாங்கள் தொடக்கூடாது என்று எழுதாத விதி ஒன்று உண்டு. இன்னொரு டெக்னீஷியன் அந்த வாரம் லீவு. மெழுகக்கா பாட்டிலோடு மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் எங்கள் லேபின் தலைமை டாக்டர். மெழுகக்காவை விடப் பத்து வயது சின்னவர். எப்போதும் ஒரு கையில் பிஸ்கட், ஒரு கண் மைக்ராஸ்கோப்பில்.

"மேடம், இது என் அண்ணனோடது."

மேடம் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அக்கா, உங்களால முடியாதுன்னா திங்கட்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும். ஒண்ணும் கெட்டுப்போகாது."

"திங்கட்கிழமை வரைக்கும் எங்க வீடு தாங்காது மேடம். நானே வெட்டுறேன். கை நடுங்காது."

கை நடுங்கவில்லை. நான் தடுப்பின் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இழைகளை மெழுகில் பதித்தார். மறுநாள் மெஷினில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். ரிப்பன் மாதிரி சீவல் வந்தது. தண்ணீரில் விட்டார், எடுத்தார், அடுப்பில் உலர்த்தினார், சாயம் ஏற்றினார். எல்லாம் தினமும் செய்கிற மாதிரியே. கடைசியில் தகட்டைப் பழைய மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தார். வழக்கமாக ஒரு நிமிடம். அன்றைக்குப் பத்து நிமிடம் நிமிரவே இல்லை.

பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனார். ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்குவதற்காக நான் அங்கே நின்றிருந்தேன்.

"கலர் நல்லா வந்திருக்கா அக்கா?"

"வந்திருக்கு மேடம்."

வழக்கமாக அதோடு திரும்பிவிடுவார். அன்று நின்றார். மேடம் தகட்டை வைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நகர்த்திப் பார்த்தார். லென்ஸை மாற்றினார். மறுபடியும் நகர்த்தினார்.

"மேடம்..." மெழுகக்கா மேஜையை நெருங்கி வந்தார். "ஓட்டை எதுவும் இல்லையே?"

மேடம் சட்டென்று நிமிர்ந்தார். இத்தனை வருடத்தில் மெழுகக்கா ஒரு தகட்டைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

விஷயம் இதுதான். குடித்துக் கெட்ட கல்லீரலில் செல்களுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும். சாயம் ஏற்றுவதற்கு முன் செய்யும் வேலைகளில் கொழுப்பு கரைந்துபோய்விடும். அது இருந்த இடம் மட்டும் வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும். அப்படிப்பட்ட தகடுகளை மெழுகக்கா ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பார்.

"ஒரு ஓட்டைகூட இல்ல அக்கா" என்றார் மேடம். "உக்காருங்க முதல்ல."

மெழுகக்கா உட்கார்ந்தார். 

மேடத்தின் மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். எதிர்ப்பக்கத்தில் மெழுகக்காவைக் குனியச் சொல்லிவிட்டு, மேடம் விளக்க ஆரம்பித்தார். பிறகு எனக்கும் ஒரு முறை காட்டினார்.

கல்லீரல் முழுக்கச் சின்னச் சின்ன வட்டாரங்களாக இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம் ஒவ்வொரு வட்டாரத்தின் ஓரத்திலும் நுழைகிறது. செல் வரிசைகளுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் மெதுவாக ஓடி, நடுவில் இருக்கும் குழாயில் வடிகிறது. அந்த நடுக்குழாய்கள் எல்லாம் சேர்ந்து பெரிதாகி, கடைசியில் இதயத்துக்குப் போகின்றன. அண்ணனின் தகட்டில் ஓரங்கள் நன்றாக இருந்தன. செல்கள் பருமனாக, வரிசை கலையாமல் இருந்தன. நடுவை நெருங்க நெருங்கத்தான் கோளாறு. சந்துகள் குளம் மாதிரி அகன்று, முழுக்கச் சிவப்பணுக்கள் தேங்கிக் கிடந்தன. அவற்றுக்கு இடையில் அகப்பட்ட செல்கள் நசுங்கி, காய்ந்த இலை மாதிரி மெலிந்திருந்தன. நடுக்குழாயை ஒட்டிய சில இடங்களில் செல்களே இல்லை. நார்களை மட்டும் நீலமாகக் காட்டும் இன்னொரு சாயத்தையும் மெழுகக்கா ஏற்றியிருந்தார். அதில், அந்த நடுக்குழாய்களைச் சுற்றி நீல இழைகள் பின்ன ஆரம்பித்திருந்தன.

"உள்ள வர்ற ரத்தத்துல கோளாறு இல்ல" என்றார் மேடம். "வெளிய போறதுலதான். வழி அடைபட்டு ரத்தம் பின்னால தேங்குது. தேங்கின ரத்தத்துல ஆக்சிஜன் கம்மி, அழுத்தம் ஜாஸ்தி. நடுவுல இருக்கிற செல்லுதான் முதல்ல சாகும். முழு ஈரலை வெட்டிப் பாத்தா, ஜாதிக்காயைக் குறுக்க வெட்டின மாதிரி சிவப்பும் வெளுப்பும் புள்ளி புள்ளியாத் தெரியும். அக்கா, உங்க அண்ணனோட ஈரல் குத்தவாளி இல்ல. அடிபட்டவன்."

உடனே கல்லீரல் டாக்டருக்கு ஃபோன் செய்தார். ஈரலிலிருந்து வெளியேறும் குழாய்களில் ரத்தம் கட்டி அடைத்திருக்கிறதா என்று கேட்டார். அவர் ஸ்கேனை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, அடைப்பு இல்லை, குழாய்கள் வழக்கத்தைவிட அகலமாகவே இருக்கின்றன என்றார். அப்படியானால் தடை அதற்கும் மேலே, இதயத்தில். ஆனால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் ஏற்கனவே எடுத்திருந்தார்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் வந்திருந்தது.

"இதயம் ரத்தத்தை வெளிய அனுப்புறது நல்லா இருக்கும் டாக்டர். வாங்கிக்கிறது நல்லா இருக்கா?" என்று மேடம் கேட்டார். ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு மெழுகக்காவிடம் திரும்பினார். "அக்கா, அண்ணனுக்குச் சின்ன வயசுல டிபி வந்திருக்கா?"

மெழுகக்கா தலையை ஆட்டினார். வந்திருக்கிறது. அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் நெஞ்சில் நீர் கோத்து, ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். குணமாகிவிட்டது. வேலை போய்விடும் என்று பயந்து வெளியே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்லாமல் அவருக்கே மறந்துபோயிற்று. கல்லீரல் டாக்டர் பழைய நோய்களைப் பற்றிக் கேட்டபோது, ஒன்றும் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். அது நெஞ்சு, இது வயிறு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. அன்று மாலையே கல்லீரல் டாக்டர் அண்ணனின் படுக்கைக்குப் போனார். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை. அண்ணனை நிமிர்ந்து உட்காரவைத்து, கழுத்தைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். இழுத்தால் கழுத்துக் குழாய் வடிய வேண்டும். அண்ணனுக்கு அது கயிறு மாதிரி இன்னும் புடைத்தது. மறுநாள் எடுத்த நெஞ்சு ஸ்கேனில் எல்லாம் தெளிவாகிவிட்டது. இதயத்தைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு. பழைய டிபியின் தழும்பு அதைத் தடிக்க வைத்து, முப்பது வருடத்தில் சுண்ணாம்பு ஏற்றி, ஓடு மாதிரி ஆக்கியிருந்தது. அந்த ஓட்டுக்குள் இதயம் விரிய முடியவில்லை. விரிய முடியாத இதயம் வருகிற ரத்தத்தை எப்படி வாங்கிக்கொள்ளும்?

டாக்டர் இதைச் சொன்னதும் அண்ணன் கேட்டார்.

"அப்ப லிஃப்ட்ல கோளாறு இல்ல. கீழ்த்தளத்துல கதவு பாதிதான் திறக்குது. இறங்க முடியாம மேல எல்லா மாடியிலயும் கூட்டம் நிக்குது. அதானே சார்?"

"அதேதான்" என்றார் டாக்டர். பிறகு, போகத் திரும்பியவர் நின்றார். "அன்னிக்கு நான் உங்களைக் கேட்ட கேள்வி... கேட்டது தப்பில்ல. பதிலை நம்பாதது தப்பு. மன்னிச்சுக்குங்க."

அண்ணன் பதறிப்போய், "ஐயையோ, விடுங்க சார்" என்றார். அண்ணி விடவில்லை. "நீங்க கேட்டுட்டுப் போயிட்டீங்க சார். நான்தான் ரெண்டு மாசமா பாட்டிலை மோந்துக்கிட்டு இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். அண்ணன் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஓடு மாதிரி ஆன அந்த உறையை உரித்து எடுக்க வேண்டும். சின்ன ஆபரேஷன் இல்லை. இருபது பேரில் ஒருவர் பிழைப்பதில்லை என்று சர்ஜன் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை மெழுகக்கா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, நான் உன் டூல் பையைத் திறந்து பாத்தேன்."

"தெரியும் பாப்பா." நாற்பத்தாறு வயதிலும் அவருக்குத் தங்கை பாப்பாதான். "ஸ்பானரெல்லாம் சைஸ் வாரியா அடுக்கி இருந்துச்சு. உங்க அண்ணிக்கு ஸ்பானருக்கும் கரண்டிக்குமே வித்தியாசம் தெரியாது. வேற யாரு?"

"கோபம் வரலையா?"

"வந்துச்சு. அப்புறம், அடுக்கி வெச்சதே நல்லதுன்னு விட்டுட்டேன்."

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மதியம் ஒன்றேகாலுக்கு சர்ஜன் வெளியே வந்தார். அந்த ஐந்து மணி நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். சர்ஜன் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுச் சொன்னார்.

"நல்லபடியா முடிஞ்சது. ரெண்டு இடத்துல ரொம்ப ஒட்டியிருந்துச்சு, அதை மட்டும் தொடாம விட்டுட்டேன். மீதியெல்லாம் உரிச்சாச்சு. எடுக்க எடுக்க இதயம் எங்க கண் முன்னாடியே விரியுது."

மெழுகக்கா ஒரு பெரிய மூச்சு விட்டார். நடைபாதையில் போன நர்ஸ்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த மூன்று வாரத்தில் அண்ணனின் எடை பதினாறு கிலோ குறைந்தது. எல்லாம் தண்ணீர். "பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடந்த நடைக்கு ஊருக்கே போயிட்டு வந்திருக்கலாம்" என்றார். கால் வடிந்து, எலும்பு தெரிந்தது. கழுத்துக் குழாய் அடங்கியது. நாலு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கல்லீரல் ஏறக்குறையப் பழைய அளவுக்குச் சுருங்கியிருந்தது. மேடம் படத்தைப் பார்த்துவிட்டு, "நீல நாரு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனா நசுங்கின செல்லுக்கு மூச்சு வந்துடுச்சு. ஈரல் மாதிரி மன்னிக்கிற உறுப்பு வேற கிடையாது" என்றார்.

அண்ணி நேராக மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. அவருடைய வழி வேறு. முன்பு ஃபோன் செய்து விசாரித்த அதே ஆளைக் கூப்பிட்டு, "நீங்க நாலு பேர்கிட்ட சொன்னீங்கல்ல, இதையும் நாலு பேர்கிட்ட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் ஈரல்ல ஒரு ஓட்டைகூட இல்லையாம்!" என்றார். பிறகு கட்டடத்தில் முதல் மாடியிலிருந்து ஆறாவது மாடி வரை, கேட்டவர்களிடமும் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். எதற்கு ஓட்டை இருக்க வேண்டும், ஏன் இல்லை என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் நல்ல செய்தி என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அண்ணன் மட்டும் ஒரு நாள் எங்கள் லேபுக்கே வந்தார். நான் டைப் அடித்த அவருடைய ரிப்போர்ட்டில் 'மதுவால் ஏற்படும் மாற்றங்கள் எதுவும் காணப்படவில்லை' என்று ஒரு வரி இருந்தது. அதன் அடியில் கோடு போட்டு இன்னொரு பிரதி வேண்டும் என்றார். "ரிப்போர்ட்ல கோடெல்லாம் போடக்கூடாதுங்க" என்றேன். "பரவாயில்ல, நானே போட்டுக்கிறேன்" என்று வாங்கிப் போனார்.

மெழுகக்கா அந்த மாதம் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். நான் அங்கே சேர்ந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு நீளமாக லீவு எடுத்ததில்லை. எங்கே போகிறீர்கள் என்று மேடம் கேட்டார்.

"எங்கயும் போகல மேடம். தூங்கப் போறேன்."

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, ஒரு சாவி எங்கே என்று கேட்க அவர் வீட்டுக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன்தான் எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "பாப்பா தூங்குது. அவசரமா?" என்றார்.

அவசரம் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சாவியை நானே தேடிக்கொண்டேன்.